சாரலில் வந்த இதழ்

பொம்மை ரயில் செய்பவர்களுக்கென்று லண்டனிலிருந்து வரும் பத்திரிகைக்கு நானும் தென்காசி ஸ்டேஷனில் குட்ஸ் குமாஸ்தாவாக இருந்த அண்ணாச்சியும் சேர்ந்து சந்தா கட்டியிருந்தோம். அதிலுள்ள படத்தைக் கவராயத்தால் அளந்து, மண்ணெண்ணெய்த் தகரத்தில் அதே அளவில் எஞ்சின் செய்வோம். சாரல் காலத்தில் மட்டும் அண்ணாச்சி என்னை அளக்கவே விடமாட்டார்.

"பொறும்வே. ஈரத்துல தாள் பெருத்துருக்கு. படமும் பெருசாத்தான இருக்கும்? காயட்டும்."

கடல் தாண்டி வந்த இதழ் அவர் வீட்டு அடுப்புக்கு மேலே கொடியில் மூன்று நாள் தொங்கும். எனக்கு ஆத்திரமாக வரும்.

உலக யுத்த காலத்தில் கப்பல் தபால் தடைப்பட்டது. அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சி காய்ச்சலில் போய்விட்டார். பல மாதம் கழித்து, ஆனியில், ஓர் இதழ் வந்தது. குற்றாலத்துச் சாரல் எங்கள் தெருவரை தூவிக்கொண்டிருந்தது. ஆசை தாளாமல் அன்றைக்கே அளந்து தகரத்தை வெட்டினேன்.

செய்து முடித்த எஞ்சின் அண்ணாச்சி போட்டுவைத்த தண்டவாளத்தில் ஏறவில்லை. சக்கரங்கள் கால் நூல், ஒரு நகக்கனம், அகன்று நின்றன.

புரட்டாசி வெயிலில் தாள் காய்ந்தபின் மறுபடி அளந்தேன். அளவு தண்டவாளத்துக்குச் சரியாக இருந்தது. தகரமும் மீதி இருந்தது. "பொறும்வே" என்று சொல்லத்தான் ஆளில்லை.