மிஷின்மேல் போட்ட பழி

எங்கள் பனியன் கம்பெனியில் ஒருத்தி உண்டாகியிருப்பதை வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. ஓவர்லாக் மிஷினிலிருந்து எழுந்து கைமடி பெஞ்சில் போய் உட்கார்ந்தாலே போதும். தைக்கிறவர்களுக்குத் துண்டுகளை எடுத்துக் கொடுத்து, தைத்து விழுவதை மடித்து அடுக்குவதுதான் கைமடி வேலை. பெடலை மிதித்தால் கரு கலைந்துவிடும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். யார் சொல்லித் தெரிந்தது என்றுதான் யாருக்கும் தெரியாது. சூப்பர்வைசரே வந்து, "எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிரும்மா" என்பார். மறுநாள் டீ நேரத்தில் யாராவது ஒருத்தி மாங்காய்க் கீற்றை உப்பு மிளகாய் தடவி நீட்டுவாள்.

கல்யாணமாகி மங்கலத்துக்கு வந்த அடுத்த வருஷம் நானும் அப்படித்தான் எழுந்து போனேன். மூன்றாம் மாதம் முடிவதற்குள் கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து அனுப்பினார்கள். முதல் கரு சிலருக்கு இப்படிப் போவதுண்டு என்று ஆறுதல் சொன்னார்கள். அடுத்ததும் அப்படியே போனது. பெஞ்சுக்கும் மிஷினுக்கும் நடுவே சில அடி தூரம்தான். ஆனால் வெறும் வயிற்றோடு அங்கிருந்து திரும்பி வரும்போது மொத்த லைனும் தலையைக் குனிந்துகொள்ளும். பார்த்துத் தொலைத்தால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும்.

அதனால் மூன்றாம் முறை நான் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரருக்கு மட்டும் சொன்னேன். மிஷினிலேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் போனது. என்னோடு கம்பெனி வேனில் வருகிற ஒருத்தி விசாரிக்க வந்த இடத்தில், நான் கடைசிவரை மிஷினில்தான் இருந்தேன் என்பதை என் மாமியாரிடம் உளறிவிட்டாள்.

அத்தை கத்தவில்லை. எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். உள் அறையில் நான் படுத்திருப்பது தெரிந்தே, வந்தவளிடம் சொன்னார். "மிஷின்ல உக்காந்து மிதிச்சு மிதிச்சே கரைச்சுப்போட்டாளுங்க. நாம என்னத்தைங்க சொல்றது?"

முந்தைய இரண்டும் கைமடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான் போயின. அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் எனக்கே மறந்துபோனது. தினமும் காதில் விழுகிற பேச்சுக்கு எதிராக மனசு எத்தனை நாள்தான் மல்லுக்கட்டும்? குழந்தை வேண்டும் என்ற ஆசைகூட எனக்குப் பின்னுக்குப் போய்விட்டது. நான் அதைக் கொல்லவில்லை என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. வேலைக்குப் போனேன், வந்தேன், சோறு வடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குளத்திலிருந்து அம்மா கூப்பிட்டால், நல்லாயிருக்கிறேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

பக்கத்து மிஷினில் தைக்கிற அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஒருநாள் நூலை அறுத்துக்கொண்டே சொன்னார். "ஏட்டி, இப்படியே எத்தன நாளு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருப்ப? வேற டாக்டர்ட்ட போய்க் காட்டேன்."

திருப்பூரில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். அதுவரை எடுத்த ஸ்கேனில் எல்லாம் குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். குழந்தை இருந்த இடத்தை இவர்தான் முதலில் பார்த்தார். கருப்பை நடுவே மேலிருந்து பாதிச் சுவர் போல ஒரு சதை இறங்கியிருக்கிறது என்றார். தாயின் வயிற்றில் நாம் உருவாகும்போது கருப்பை இரண்டு குழாய்களாகத்தான் தொடங்குமாம். இரண்டும் சேர்ந்த பிறகு நடுச்சுவர் கரைந்துவிட வேண்டும். எனக்குக் கரையவில்லை. அந்தச் சதையில் ரத்த ஓட்டம் சரியாக இருக்காது, கரு அதில் போய் ஒட்டினால் வளர முடியாமல் போகலாம் என்றார்.

"மிஷின்ல உக்காந்ததாலீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. மிஷினுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீ பொறக்கும்போதே இருந்தது."

வெளியே நின்றிருந்த வீட்டுக்காரரைக் கூட்டி வந்து, அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். டாக்டர் சலிக்காமல் சொன்னார். எனக்கு அழுகை அடங்கவில்லை. கேமரா விட்டு உள்ளேயே அந்தச் சதையை வெட்டிவிடலாம், வயிற்றைக் கிழிக்க வேண்டாம், அதன் பிறகு கரு தங்க வாய்ப்பு கூடும், ஆனால் உறுதி சொல்ல மாட்டேன் என்றார். அதெல்லாம் எனக்குப் பாதிதான் காதில் ஏறியது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் அவர் அம்மாவிடம் சொன்னார். நான் அடுப்படியில் காத்திருந்தேன். ஒரு வார்த்தை, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை போதும். அத்தை யோசித்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பி என்னிடம் கேட்டார். "பொறக்கறப்பவே இருந்துச்சா? அப்ப உங்கூட்டுல இருந்தே கொண்டாந்ததா கண்ணு?"

அப்போதே ஒன்று முடிவு செய்தேன். அடுத்தது தங்கினால் பிள்ளை பெறப்போகிற வாரம்வரை மிஷினைவிட்டு எழுந்திருக்கப் போவதில்லை. அதைவிடப் பெரிய பதில் வேறு எதுவும் இல்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அதற்கடுத்த வருஷம் உண்டானேன். வேலைக்குப் போகலாமா என்று கேட்டேன், போகலாம் என்று டாக்டரும் சொன்னார். மறுநாள் காலையில் மிஷினில் உட்கார்ந்து துண்டை ஊசிக்கடியில் வைத்தேன். கால் பெடல்மேல் இருந்தது. அழுத்த வரவில்லை. எனக்குப் பின்னால் நின்ற கைமடிப் பெண், தைத்த துண்டு வரவில்லையே என்று என் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் சொன்னதெல்லாம் வரி மாறாமல் தலைக்குள் இருக்கிறது. கால் மட்டும் கேட்கவில்லை. எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. எழுந்து கைமடி பெஞ்சுக்குப் போனேன். டீ நேரத்தில் மாங்காய் வந்தது.

பெண் குழந்தை பிறந்தது. பேர் வைக்கிற அன்றைக்கு வீடு நிறையச் சொந்தபந்தம். அத்தை பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "நாஞ் சொன்னதைக் கேட்டு மிஷினை உட்டா. பாருங்க, தங்கிருச்சு."

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல நான் வாயெடுத்தேன். வந்தவர்கள் கம்பெனியில் விசாரித்தால், கைமடி பெஞ்சுக்குப் போய்விட்டாள் என்றுதான் அங்கே சொல்வார்கள் என்று நினைத்து மூடிக்கொண்டேன். அத்தைக்கு எதிராக எனக்கு இருந்த ஒரே சாட்சி என் கால்தான். அதுவும் அவர் பக்கம் போய்விட்டது.