எட்டு மணிக்கு அணைந்த சர்வர்

நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன். தென்மாவட்டத்திலிருந்து திருப்பூர் வந்து, கைக்குழந்தை உடுப்பு தைக்கும் சிறு கம்பெனி ஒன்றில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் மேசையில் பதினெட்டு வருடம் நின்றேன். மொத்தம் பதினாறு மிஷின்கள். கணவர் இறந்த பிறகு கம்பெனியை நடத்திவந்தவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

ஆர்டர் குறைந்துகொண்டே வந்தது. ஒரு ஏஜென்ட் வந்து சொன்னார்: "வெளிநாட்டுக்காரங்க மொதல்ல வெப்சைட்டத்தான் பாப்பாங்க. அது இல்லீனா நம்மள ஒரு ஆளாவே எடுத்துக்க மாட்டாங்க." அவருக்குத் தெரிந்த கடைக்கார அம்மா ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். அவருடைய ஆர்டர் கிடைத்தால் கம்பெனி பிழைக்கும். கிடைக்காவிட்டால் மிஷின்களை விற்றுவிட வேண்டியதுதான் என்று அக்கா எங்களிடமே சொல்லிவிட்டார்.

வெப்சைட் செய்து தருபவர்களிடம் விசாரிக்க அக்கா போனை எடுத்தபோது, "நானே செய்றேங்க்கா" என்றேன். நாலு பேர் நடுவில் வாய் திறக்காத நான் அன்று ஏன் பேசினேனோ. சாப்பாட்டு இடைவேளையில் சில மாதங்களாகப் போனில் பாடம் பார்த்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. தெரியட்டும் என்று உள்ளுக்குள் ஆசை இருந்திருக்கும்.

துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் தைக்கும் மடத்துக்குளத்துக்காரப் பெண் விடவில்லை. "பொண்ணு பாக்கப் போனப்பவே தலைய நிமித்தாத மனுசன், இப்ப ஒலகத்தையே ஊட்டுக்குக் கூப்புடறாராமா!" மிஷின் சத்தத்தை மீறிச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆபீஸ் மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கணினியைத் துடைத்து, அதையே சர்வர் ஆக்கினேன். சர்வர் என்பதை ஏதோ பெரிய பொருள் என்று நினைத்திருந்தேன். யாராவது கேட்டால் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் கணினி, அவ்வளவுதான். கேள்வியும் பதிலும் எப்படி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். கேட்ட பக்கம் இருந்தால் 200 என்ற எண்ணோடு கொடுக்கும். இல்லாவிட்டால் 404 என்று சொல்லும். இல்லை என்பதையும் சொல்லித்தான் அனுப்பும். யாரும் கேட்காமல் அதுவாக ஒன்றும் பேசாது. எனக்கு அது உடனே பிடித்துப்போயிற்று.

மூன்று பக்கங்கள் எழுதினேன். முதல் பக்கத்தில் கம்பெனியைப் பற்றி, இரண்டாவதில் உடுப்புகளின் படங்கள், மூன்றாவதில் விலாசம். மின்வெட்டு வந்தால், மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக எழுந்து வேலையைத் தொடங்கும்படியும் செய்துவைத்தேன். டீக்கடையில் நின்று என் போனில் திறந்தேன். வந்தது. கண் கலங்கிவிட்டது.

எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. பக்கத்துத் தெருவில் ஒரு குடோன் எரிந்த பிறகு அக்கா வைத்தது. பஞ்சுத் தூசி பறக்கும் இடம் என்பதால், கடைசியாகக் கிளம்புகிறவர் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும். கடைசியாகக் கிளம்புவது எப்போதும் நான்தான். ஒன்றரை ஷிப்ட் முடிந்து, இரவு எட்டு மணிக்கு அந்த ஸ்விட்சைக் கீழே இழுப்பது மூச்சு விடுவதுபோல ஆகியிருந்தது. கணினியையும் சேர்த்தே அணைக்கிறேன் என்பது எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை. வெப்சைட்டைத் திறந்து பார்த்ததெல்லாம் வேலை நேரத்தில்தான். அப்போதெல்லாம் ஒழுங்காகத் திறந்தது.

யார் எப்போது எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்பதைச் சர்வர் வரிவரியாக எழுதிவைக்கும். கிளம்புமுன் அன்றைய வரிகளை மட்டும் பார்ப்பேன். என் போன், அக்காவின் போன், மறுபடி என் போன். "இன்னைக்கு யாராச்சும் வந்தாங்களா தம்பி?" என்று அக்கா கேட்பார். "வரலைங்க்கா. வருவாங்க" என்பேன்.

மூன்றாவது வாரம் ஏஜென்ட் நேரில் வந்தார். "அந்தம்மா மூணு நாளு பாத்தாங்களாம். மொத நாளு ஒரு பக்கம் வந்துதாம், அப்புறம் சுத்திட்டே இருந்துதாம். அடுத்த ரெண்டு நாளும் தெறக்கவே இல்லீங்களாம். போலிக் கம்பெனியோன்னு பயந்துட்டு வேற எடத்துல குடுத்துட்டாங்க" என்றார்.

அக்கா சுவரைப் பார்த்தார். "நம்ம தலையெழுத்துங்க. அவங்கள என்ன சொல்றது" என்று மட்டும் சொன்னார்.

நான் ஆபீஸுக்குள் போய்ப் பழைய வரிகளைத் தேடினேன். ஒரு செவ்வாய்க்கிழமை, இரவு ஏழு ஐம்பத்தெட்டு. தெரியாத ஒரு வெளிநாட்டுக் கணினியின் எண். முதல் பக்கம், 200. அதற்கு அடுத்த வரி புதன்கிழமை காலை, என் போன். படங்கள் இருந்த பக்கத்தை அந்தம்மா கேட்டபோது நான் ஸ்விட்சை இழுத்திருந்தேன்; அதற்கு வரியே இல்லை. மற்ற இரண்டு நாளும் எட்டு மணிக்குப் பிறகு வந்திருக்க வேண்டும். 404 கூட அவருக்குக் கிடைக்கவில்லை. அங்கே அவர்களுக்கு அப்போது பிற்பகல். கடை திறந்திருக்கும் நேரம்.

அன்றே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதினாறு நாள் வாயை மூடிக்கொண்டு, மிச்சமிருந்த துணியை செக்கிங் செய்தேன். ஓவர்லாக் பெண் பெருமாநல்லூரில் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது, "அங்கயும் ஒரு வெப்சைட்டுப் போட வாங்கண்ணா" என்று கேலி செய்தாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

மிஷின் ஏற்ற டெம்போ வந்த அன்று சொன்னேன். மெயின் ஸ்விட்ச், ஏழு ஐம்பத்தெட்டு, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன். அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அணைக்கச் சொன்னது நான்தானுங்களே" என்றார்.

மிஷின் இருந்த இடத்தில் தெரிந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இத எங்கிட்டச் சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க. இத்தன நாளு தலையெழுத்துன்னு நெனச்சு ராத்திரி கண்ண மூடித் தூங்குனேன். இனி அந்த ரெண்டு நிமிசத்த நெனச்சுட்டே கெடப்பேன்."

வெளியே டெம்போக்காரர் கயிறு கேட்டார். அக்கா எடுத்துக் கொடுக்கப் போனார்.