துண்டுக்குள்ளே ஒரு பிரசங்கம்

"பிரசங்கம் செய்வது எப்படி?" என்று விடாமல் எழுதிக் கேட்கிறீர்களே... சென்ற ஞாயிறன்று ஆம்பூருக்கு வந்திருந்தால் நேரிலேயே பார்த்திருக்கலாம்!

நண்பர் காதர் பாய் தோல் தரகர். வாங்க வந்தவர் கையைப் பிடிப்பார். மேலே துண்டைப் போடுவார். உள்ளே விரலைத் தொட்டு விலை பேசுவார். எத்தனை விரல் என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக்கூடாது – தொழில் வழக்கம் அப்படி. பேரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அவர் தெருக் கிணறு கெட்டுவிட்டது. தோல் ஊறவைக்கும் தொட்டிகளின் தண்ணீர் மண்ணில் இறங்கி, கிணற்று நீரை வாயில் வைக்க முடியவில்லை. புதுக் கிணற்றுக்கு உத்தரவு போடும் அதிகாரி ஞாயிறன்று ஊர் மீட்டிங்குக்கு வருகிறார். தெருவுக்காகப் பேசப்போவது யார்? பாய்தான்!

என்னிடம் ஓடி வந்தார். நான் விடுவேனா? "மகாகனம் பொருந்திய தலைவரவர்களே" என்று தொடங்கி, ஜோரான ஸ்பீச் ஒன்றை மனப்பாடம் செய்ய வைத்தேன்.

மேடை ஏறினார். "மகாகனம்..." என்றார். அவ்வளவுதான்! எதிரே ஊரே உட்கார்ந்திருந்தது. பாய்க்கு வேர்த்துக் கொட்டியது.

"இன்னா பாய், நம்ம தண்ணி போச்சா?" என்று கத்தினாள் அவர் தெருக் கன்னியம்மாள்.

பாய் விறுவிறுவென்று அதிகாரியிடம் போனார். "கையக் குடுங்க சார்" என்று பிடித்து, தோள் துண்டை எடுத்து மேலே போட்டாரே பார்க்கலாம்! கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு மானமே போயிற்று.

அதிகாரி முதலில் திகைத்தார். பிறகு புன்னகைத்தார். "எங்க ஊர் மாட்டுச் சந்தையிலயும் இப்படித்தான். சொல்லும் பாய்."

பாய்க்கு நாக்கு திரும்பி வந்துவிட்டது! "பொம்பளைங்க விடியறதுக்கு முன்னாடி பாலாத்துல ஊத்து தோண்டப் போறாங்க சார். வெயில் ஏறினா அதுவும் கம்மி. கொழந்தைக்குக் கஞ்சி வைக்கக்கூட தண்ணி இல்ல. பேஜாராப் போச்சு சார். நீங்களே சொல்லுங்க, எப்டிப் பொழைக்கிறது?"

கத்தவில்லை. ஆனாலும் கடைசி வரிசைவரை கேட்டது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

துண்டுக்குள் விரல்கள் அசைந்தன. அதிகாரி தலையை ஆட்டி மறுத்தார். மறுபடி அசைந்தன. கடைசியில் கையை உருவிக்கொண்டு, "சரி, ஒரு கிணறு!" என்றார்.

கூட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களே – ஓர் ஆளைப் பிடித்துப் பேசுங்கள். மற்றவர்கள் தாமாகக் காது கொடுப்பார்கள்.

திரும்பும்போது கேட்டேன்: "ஒரு கிணற்றுக்கு ஏன் பாய் அவ்வளவு நேரம்?"

"மூணு வெரலப் புடிச்சேன் சார். மூணு கேட்டாத்தானே ஒண்ணு படியும்!"