செய்து அழித்த வேலை

சண்முகசுந்தரி தான் எழுதிய கம்ப்யூட்டர் நிரலைத் தானே அழித்துவிடுவாள். மூன்று வருடம் அதுதான் அவளுடைய சாயங்கால வேலையாக இருந்தது.

பகலில் தூத்துக்குடித் துறைமுகச் சாலையோரம் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் உத்தியோகம். மில்லர்புரத்து வீட்டுக்கு வந்து, குளித்து, உலை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தால் 'கல்லா'. மளிகைக்கடைக்காரர்கள் தமிழிலேயே பில் போடுவதற்காக அவளும் கல்லூரித் தோழன் ராஜபாண்டியும் ஆரம்பித்த இலவச மென்பொருள் அது. நிரல் முழுவதும் இணையத்தில் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம்.

அனுப்பத்தான் ஆளில்லை. ஆர்வமாக வருவார்கள். "பில் அச்சாவதில் கோளாறு, சரிசெய்யவும்" என்று ராஜபாண்டி எழுதிப் போட்டிருப்பதைப் பார்ப்பார்கள். எங்கே கை வைப்பது என்று தெரியாமல் போய்விடுவார்கள். நாசரேத்திலிருந்து எஸ்றா என்ற வாத்தியார் மட்டும் போகிறபோது காரணத்தைச் சொல்லிவிட்டுப் போனார். "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும்மா. எங்க ஆரம்பிக்கன்னு தேடுததுலயே அது போயிருது."

அது அவளுக்குத் தைத்தது. பெரிய வேலைகளையெல்லாம் ஒரு மணி நேரத் துண்டுகளாக நறுக்கத் தொடங்கினாள். எந்தக் கோப்பு, எந்த இடம், எதைத் தொடக் கூடாது, முடிந்ததா என்று எப்படிச் சோதிப்பது, எல்லாம் எழுதுவாள். எழுதினால் போதுமா? நிஜமாகவே ஒரு மணி நேரத்தில் முடியுமா என்று முதலில் தானே செய்து பார்ப்பாள். முடிந்தால் செய்ததை அழித்துவிட்டு வேலையை அடுத்தவருக்கு வைப்பாள். முடியாவிட்டால் இரண்டாக நறுக்கி, மறுபடி செய்து, மறுபடி அழிப்பாள்.

ஆட்கள் வந்தார்கள். எஸ்றா வாத்தியாரே திரும்பி வந்து தள்ளுபடிக் கணக்கைச் சரிசெய்தார். தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில் செல்போன் கடை வைத்திருந்த சுடலைராஜ் ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று எடுத்துக்கொண்டே போனான். திருத்தத்தை அனுப்பியவர் பெயர் இணையதளத்தில் ஏறும். அழித்தவள் பெயர் எங்கேயும் ஏறாது. அப்போது அவள் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

போன வருடம் சென்னைக் கம்பெனி ஒன்று கல்லாவுக்குப் பணம் போட வந்தது. ராஜபாண்டி தலைமை, அவனுக்குக் கீழே சம்பளத்துக்கு இன்னொருவரை எடுப்பது என்று ஏற்பாடு. சுந்தரி மனுப் போட்டாள். யார்டில் லீவு சொல்லிவிட்டு, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, வீடியோ காலில் உட்கார்ந்தாள்.

"மேடம், மூணு வருஷமா உங்க பேர்ல ஒரு வரி கோடிங்கூட இல்லையே?" என்றாள் கம்பெனிக்காரி.

"சின்னச் சின்ன வேலையாப் பிரிச்சுக் குடுக்கது நான்தான் மேடம். ஒவ்வொண்ணையும் செஞ்சு பாத்துட்டுத்தான்..."

"செஞ்சதைக் காட்ட முடியுமா?"

காட்ட என்ன இருக்கிறது? திரையின் மூலையில் இருந்த ராஜபாண்டியைப் பார்த்தாள். அவனுக்கு எல்லாம் தெரியும்.

"சுந்தரி எங்களுக்கு ரொம்ப சப்போர்ட்டா இருந்தாங்க," என்றான் அவன். வா, போ என்று பேசுகிறவன் அன்றைக்கு மரியாதை கொடுத்தான்.

வேலை சுடலைராஜுக்குப் போயிற்று. அவன் கெட்டவன் இல்லை. அன்றைக்கே போன் செய்தான்.

"அக்கா, நீங்க எழுதிப் போட்டதப் பாத்துத்தான் நான் படிச்சேன். மறக்க மாட்டேன்."

"சரிலே, நல்லா இரு."

"இன்னொண்ணுக்கா... புது ஆளுக வாராங்க, குடுக்கதுக்குச் சின்ன வேலை ஒண்ணுமில்ல. கம்பெனில கேக்காங்க. கொஞ்சம் எழுதிப் போட்டியன்னா..."

"அதுக்கும் சேத்துத்தானலே உனக்குச் சம்பளம்?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே போனை வைத்தாள்.

ஆனாலும் எழுதினாள். வழக்கம்போல ஒவ்வொன்றையும் செய்து பார்த்தாள். இந்தத் தடவை அழிக்கவில்லை. எல்லாவற்றையும் தன் பெயரிலேயே அனுப்பினாள். அனுப்பும்போது, திருடுகிறவளைப் போல ஒருமுறை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் யார்டில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, ஊரே பார்க்கும்படி ராஜபாண்டியின் பதில் வந்திருந்தது. "இவை புதியவர்களுக்கான வேலைகள். அனுபவமுள்ளவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது." அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

வெளியே லாரிகளுக்கு நடுவே நின்று அவனை அழைத்தாள்.

"ஏலே, எனக்கு அனுபவம் இருக்குன்னு உனக்கு இப்பத்தான் தெரியுதோ? அன்னைக்கு அந்தப் பொம்பளகிட்ட இதச் சொல்ல வாய் வரலியா?"

"பணம் போடுதது அவங்க, சுந்தரி. நான் என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாண்டாம்."

அன்றே கல்லாவிலிருந்து விலகினாள். தடுத்து யாரும் எழுதவில்லை.

"நல்லதாப் போச்சு," என்றான் அவள் கணவன் வன்னியபெருமாள். "கூலியில்லாத வேலைக்கு மூணு வருஷம் கண்ணக் கெடுத்துக்கிட்ட."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எழுந்து போய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து வந்து மடித்தாள். மடித்து முடித்த பிறகும் சாயங்காலம் மிச்சமிருந்தது.