பாதி மாத்திரைப் பங்காளி

தியேட்டர் கவுண்டரில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தே தலை நரைத்தவள் என்பதால், தெருவே அவளை டிக்கெட்டக்கா என்றுதான் கூப்பிட்டது. கை மட்டும் நுழையும் ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, "சில்லறை இருக்கா? அடுத்தது யாரு, சீக்கிரம்!" என்று கூட்டத்தை விரட்டியே காலத்தை ஓட்டிவிட்டாள். தியேட்டரை மூடினார்கள். கணவர் போய்ச் சேர்ந்தார். மகன் வெளியூரிலிருந்து பணம் அனுப்புவதாகச் சொல்வான்; சொல்வதில் அவனை யாரும் மிஞ்ச முடியாது. மிச்சமிருந்தது ஒற்றை அறையும் ரத்தக் கொதிப்பும்தான்.

கொதிப்பு மாத்திரையின் விலை கையைக் கடித்தது. மருந்துக் கடையில் அவள் மூக்கால் அழுதபோது, பக்கத்தில் அதே மாத்திரைக்கு அதே அழுகையை அழுதுகொண்டிருந்தவர் வாட்ச் ரிப்பேர்காரர். கடைக்காரர்தான் வழி சொன்னார்: இரண்டு மடங்கு வீரியமுள்ள மாத்திரையும் கிட்டத்தட்ட அதே விலைதான், நடுவில் கோடு இருக்கிறது, டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டரும் சரி என்றார்.

அன்றிலிருந்து அட்டை வாங்கி வருவது அவள் பொறுப்பு, வெட்டுவது அவர் பொறுப்பு. மாதா மாதம் மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த வாட்ச் கடையில் ஒரு கூத்து நடக்கும். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, மாத்திரையைச் சின்னக் குறடால் பிடித்து, கோட்டில் பிளேடை வைத்து அழுத்துவார். டக்!

"தூள் யாருக்குங்க?"

"நீங்களே வெச்சுக்குங்க. உழைச்ச கூலி."

"வேண்டாம்மா. உங்களுக்குத்தான் கோபம் ஜாஸ்தி."

அவள் சிரிப்பாள். அந்த மாதத்துக்கு அவளுக்கு அதுதான் சிரிப்பு.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது மருந்துக் கடைக்காரர் ஒரு சேதி சொன்னார். "அக்கா, அதே மருந்து, வேற கம்பெனி. கால்வாசி விலைதான். உங்க அளவுலயே வந்திருக்கு, வெட்டவே வேண்டாம். வாட்ச்காரர்கிட்டயும் சொல்லிடுங்க."

நல்ல சேதிதான். ஆனால் வெட்ட வேண்டாம் என்றால் அந்த மாடிப்படிக்கு அடியில் அவளுக்கு என்ன வேலை? "பழைய அட்டையே குடுப்பா" என்று வாங்கிக்கொண்டாள். பேச்சுத்துணைக்காகக் காசைக் கொட்டினாள், அவ்வளவுதான். அவர் காசையும் சேர்த்துக் கொட்டியதுதான் உறுத்தியது.

அடுத்த மாதம் அவர் தன் பங்கைப் போட்டு வைக்கும் டப்பாவைத் திறந்தபோது, போன மாதத்துப் பாதிகள் நிறைய அப்படியே கிடந்தன.

"இதென்ன, முழுங்கலையா?"

"ஒருநாள் விட்டு ஒருநாள் போடறேன். இப்பல்லாம் எல்லாரும் போன்லதானே மணி பாக்கறாங்க? யாவாரம் படுத்துடுச்சு. எப்படியோ இழுத்துக்கலாம்னுதான்."

"உசுரோட விளையாடறீங்களா?" என்று கத்திவிட்டாள். கத்தியது அவரையா தன்னையா என்பது அவளுக்குத் தெரியும். பிறகு புது மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். ஒரு மாதம் மறைத்து வைத்ததை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

"அடடே, கால்வாசி விலையா! என் வயித்துல பால வாத்தீங்க!" மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இனிமே தினமும் போட்டுடுவேன். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம், பாருங்க."

அலைச்சலாம்! லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் சிலருக்குக் கண் தெரியும்.

மாதம் பிறந்தது. அவள் கையில் புது அட்டை இருந்தது, போவதற்குத்தான் காரணம் இல்லை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, பேட்டரியைத் திருப்பிப் போட்டு, துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். மேல் வீட்டுக் குழாய் ஒழுகுவதையும் மகன் புதிதாக அளந்த கதையையும் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டாள்.

கடையில் அவள் பின்னாலேயே அதிசயமாக இன்னொரு ஆளும் வந்து நின்றார்.

வாட்ச்காரர் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "அட, பேட்டரி தலைகீழா இருக்கு. அவ்வளவுதான்!" மறு நொடி முள் ஓடியது. "காசெல்லாம் வேண்டாங்க. உங்க புண்ணியத்துல தினமும் மாத்திரை போடறேன், தலைசுத்தலே இல்ல."

"நல்லதுங்க" என்றாள். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அவர் அவள் தோளுக்குப் பின்னால் தலையை நீட்டினார்.

"அடுத்தது யாருங்க?"

கடிகாரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு டிக்கெட்டக்கா ஒதுங்கி வழிவிட்டாள்.