சிப்பி ஓட்டில் கொஞ்சம் பச்சை

ரிங்லெட் என்ற மலையூரில், பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு பூக்கடை. பூக்கட்டுகளுக்கு நடுவே சிப்பி ஓடுகளில் நீர்வண்ணங்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன. மண்ணையும் கரியையும் பிசினும் தேனும் விட்டு அரைத்து, கடைக்கார சாந்தியக்கா தானே செய்தவை. தேனுக்கு வரும் எறும்புகளை ஊதித் தள்ளியபடி காட்டுகிறார்.

சிவப்பு, காவி, கறுப்பு. சுற்றிலும் தேயிலை மலை, ஆனால் பச்சையை மட்டும் காணோம்.

"இலையில எடுக்கிற பச்சை நிக்காதுலா. வெளிச்சம் பட்டா பழுப்பாயிடும். நிக்காததை எப்படி விக்கிறது?"

அவருக்குப் பின்னால் தேயிலை மலைப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. மலை முழுக்கப் பழுப்பு.

"அது எங்க வீட்டுக்காரர் வரைஞ்சது. அதுக்கு மட்டும் பச்சை அரைப்பேன். பழுப்பாக ஆக, மறுபடி பூசுவாரு."

ரோஜாக்களுக்குத் தண்ணீர் தெளிக்கும் கணவர், தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், நிமிர்கிறார். எதிர்ச் சரிவில் தேயிலைச் செடிகளை வெறும் குச்சிகளாக வெட்டிவிட்டிருக்கிறார்கள். அதைக் கைகாட்டுகிறார்.

"பழுப்பு இல்லைங்க. அங்க மாதிரி இங்கயும் கவ்வாத்து வெட்டியிருக்கு. சாயங்காலம் துளிர்த்துடும்."

அக்கா மேசைக்கு அடியிலிருந்து ஒரு சிப்பி ஓட்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்துகிறார். அதில் பச்சை இன்னும் ஈரமாக இருக்கிறது.