நில் என்று சொல்ல ஒருத்தி

கிளெனிஸ் ஹார்ட்ஷார்ன் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அவளுக்கும் சேர்த்து எனக்கு வரும். இங்கிலாந்தில், லிங்கன்ஷயரில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளும் நானும் சேர்ந்து கிழவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டியவர்கள்.

அவர்களில் ஒருவர் வில்ஃப். மனைவி பெயரே மறந்துவிட்டது. தேவாலயத்துக் கோபுரத்தில் மணியடித்தது மட்டும் மறக்கவில்லை. சாயங்காலமானால் ஜன்னல் திரையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்க ஆரம்பித்துவிடுவார். கயிற்றைப் பிடுங்கினால் அழுவார். அதனால் கயிறு அறுக்காமலிருக்க கிளெனிஸ் அவர் மணிக்கட்டில் ஒரு பழைய காலுறையை மாட்டிவிடுவாள். கோபுரத்தில் கேப்டன் என்கிற குழுத்தலைவர் "நில்" என்று சொன்னால்தான் மணியடிப்பவர்கள் கயிற்றை விடுவார்கள். அவள் கட்டைக் குரலில் "நில்" என்பாள். உடனே விட்டுவிட்டு, "சரி கேப்டன்" என்று சூப்புக்கு வாயைத் திறப்பார்.

அவளுடைய விடுமுறை நாளில் காலுறை மாட்ட யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் புது நர்ஸ் மணிக்கட்டில் சிவந்த தடத்தைப் பார்த்தாள். யாரோ கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று புகார் போயிற்று. அவரைக் கவனித்துக்கொள்வது கிளெனிஸ்தானே, அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். விசாரணை கெட்டுவிடுமாம், அதனால் அவளிடம் எதுவும் கேட்கக் கூடாதாம். பாதுகாப்புக்காக வில்ஃபை வேறு இல்லத்துக்கு மாற்றினார்கள்.

நான் மேலாளர் ஃபிலிப்பாவிடம் போய்க் கயிற்று விஷயத்தைச் சொன்னேன்.

"நீ அவ சிநேகிதி. எதுவானாலும் விசாரணைக் கூட்டத்துல சொல்லிக்கோ" என்றாள்.

கூட்டம் தள்ளிக்கொண்டே போயிற்று. புது இல்லத்தின் ஜன்னலில் கயிறு இல்லை. தடம் மறைந்தது. பார்த்தாயா, அவள் போனதும் ஆறிவிட்டது என்றார்கள். அங்கே வில்ஃப் வெறுங்கையால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். ஸ்பூனைக் கொண்டுபோனால் வாயை இறுக மூடிக்கொண்டார். இளைத்து, ஒடுங்கி, செத்தும் போனார்.

அதற்குப் பிறகுதான் கூட்டம் நடந்தது. நான் சொன்னதைக் கேட்டு எல்லாரும் தலையாட்டினார்கள். குற்றம் நிரூபணமாகவில்லை, திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்று கிளெனிஸுக்கு ஃபிலிப்பா என் எதிரில்தான் போன் செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள்.

கிளெனிஸ் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அங்கயும் மணியடிச்சாரா?"

"கடைசி வரைக்கும் கைய ஆட்டிக்கிட்டே இருந்தாராம், பாவம்."

"யாராவது நிறுத்தச் சொன்னாங்களா?"

"என்னத்த?" என்றாள் ஃபிலிப்பா.